ஐந்து அம்புகள்

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நாம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். குற்றம் ஏவியவனில்தான், ஏவப்பட்டதில் அல்ல என்பது அதன் கருத்து. வழக்கு மன்றத்திலும் அரசியலிலும் அது சரியாக இருக்கலாம். வில்வித்தையில் அது எப்போதும் சரியில்லை என்பதைச் சென்ற மாரிகாலத்தில்தான் அறிந்துகொண்டோம்.

நாம் வாழும் இந்த ஜேர்மன் நகரத்தில், எமது வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பாடசாலை உண்டு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அதன் விளையாட்டு மண்டபத்தில் பழைய முறை வில்வித்தை பழக்குகிறார்கள். குறிபார்க்கும் கருவியோ கப்பியோ இல்லாத வெறும் மரவில். எமது மகளுக்கு அதில் ஆசை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடப் போய், வாங்கில் சும்மா குந்தியிருக்கக் கூச்சப்பட்டு, நாமும் ஒரு வில்லைக் கையில் எடுத்தோம். ஊரில் பூவரசந் தடியை வளைத்துச் சணல் கட்டி, ஈர்க்கில் அம்பு செய்து ஓணான் கலைத்த காலத்திற்குப் பிறகு வில்லைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பத்து அம்பு எய்தோம். பத்தும் குறிக்கு இடப்புறமாகவே போய்க் குத்தின. கை பிழையென்று கையைத் திருத்தினோம். கண் பிழையென்று மறு கண்ணை மூடினோம். கடைசியில் வயது பிழை என்ற முடிவுக்கு வந்தோம். பழக்குபவர் ஓய்வுபெற்ற ஒரு தச்சுத் தொழிலாளி. அதிகம் பேசாதவர். எமது அம்பில் ஒன்றை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வளைத்துப் பார்த்தார். பிறகு தன் கூட்டிலிருந்து வேறு மூன்று அம்புகளை எடுத்துத் தந்தார். பார்வைக்கு அவையும் அதே நீளம், அதே இறகு. ஆனால் மூன்றும் நடுவை ஒட்டிப் போயின. எமது கையும் கண்ணும் வயதும் அப்படியேதான் இருந்தன.

"புதிதாகத் தொடங்குகிறவர்கள் வில்லைப் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். அம்பைக் கடைசியில் கைக்கு வந்தபடி வாங்குவார்கள். செய்ய வேண்டியது மற்றப் பக்கமாக" என்றார் அவர்.

யோசித்துப் பார்த்தால் நாமும் அந்த மரபில் வந்தவர்கள்தாம். காண்டீபம், கோதண்டம் என்று வில்லுக்குப் பெயர் வைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தோம். அம்புக்கும் பெயருண்டு. பிரம்மாஸ்திரம், நாகாஸ்திரம் என்பார்கள். ஆனால் அவை மந்திரத்தின் பெயர்கள். அந்த அம்பு எந்த மரத்தில் வெட்டியது, யார் அதை நிமிர்த்தியது என்று திண்ணையில் கதை கேட்ட நாம் ஒருவரும் கேட்டதில்லை.

அந்தத் தச்சர் போகும்போது எமக்கு ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னார். சக்ஸ்ரன் போப் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் 1923இல் எழுதிய வில்வேட்டை நூல். "அவரும் ஒரு காலம் ஒன்றும் தெரியாமல் தொடங்கியவர்தான். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரைப் பற்றித் தேடிப் படியுங்கள்" என்றார். படித்தோம். அம்பு வாங்கப் போன இடத்தில் ஓர் இனத்தின் கதை அகப்பட்டது. அதை எழுதவே இந்தக் கட்டுரை.

முதலில், அந்தப் பத்து அம்பும் ஏன் இடப்புறம் போயின என்பதைச் சொல்லிவிட வேண்டும். இது விளங்காமல் மற்றது விளங்காது.

அம்பு நேராகப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது நேராகப் போவதில்லை. வலக்கைக்காரர் மரவில்லில் அம்பை வைக்கும்போது அது வில்லின் இடப்பக்கத்தில் சாய்ந்து, சற்றே இடப்புறம் பார்த்தபடி இருக்கிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. பின்னாலிருந்து தள்ளும் அந்த வேகத்தில் அம்பு வளைகிறது. வளைந்து, வில்லின் தண்டைச் சுற்றி வழுவிக்கொண்டு வெளியேறி, மறுபக்கம் வளைந்து, அப்படியே மீனைப்போல நெளிந்து நெளிந்து சிறிது தூரத்தில் நேராகிறது. இதை 'வில்லாளியின் முரண்' என்று மேற்கில் சொல்கிறார்கள். 1930களில் அதிவேகப் படம் பிடித்த பிறகுதான் இந்த நெளிவை மனிதக் கண் தெளிவாகக் கண்டது.

ஆகவே அம்பின் விறைப்பு வில்லின் பலத்திற்குப் பொருந்த வேண்டும். விறைப்புக் கூடிய அம்பு வளைய மறுத்து வில்லில் இடித்து இடப்புறம் போகும். விறைப்புக் குறைந்தது மிதமிஞ்சி வளைந்து வலப்புறம் போகும். எமக்கு முதலில் கிடைத்தவை இரண்டு மடங்கு பலமான ஒரு வில்லுக்குச் செய்த அம்புகள். வில்லும் பிழையில்லை, அம்பும் பிழையில்லை. ஒன்றுக்கொன்று உரியவை அல்ல, அவ்வளவுதான்.

இன்று இதற்கு அளவு இருக்கிறது. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் வைத்து, அவற்றின் மேல் மர அம்புத்தண்டைக் கிடத்தி, நடுவில் 2 இறாத்தல் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு எத்தனை அங்குலம் தாழ்கிறதோ அந்த எண்ணால் 26ஐ வகுத்தால் விறைப்பின் அளவு வரும். 0.65 அங்குலம் தாழ்ந்தால் 40. அது ஏறக்குறைய 40 இறாத்தல் இழுவிசையுள்ள வில்லுக்குப் பொருந்தும் தண்டு. அட்டவணையைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அட்டவணை வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே, உலகின் எல்லாத் திசையிலும், மனிதர்கள் சரியான அம்பைத் தெரிந்தெடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு அளவுகோல் கைவிரலும் கண்ணும்தான். அப்படிப்பட்ட ஒருவரிடமிருந்து அந்த அறிவு எழுத்துக்கு வந்த விதமே நாம் சொல்ல வந்த வரலாறு.

கலிபோர்ணியாவின் வடக்கே, லாசன் எரிமலையின் மேற்குச் சரிவில், மில் கிறீக், டியர் கிறீக் என்ற இரண்டு ஓடைகளின் பள்ளத்தாக்குகளில் யாஹி என்ற சிறிய மக்கள் கூட்டம் வாழ்ந்தது. யானா என்ற மொழிக்குடும்பத்தின் தெற்குக் கிளை அவர்களுடையது. தொகை எந்தக் காலத்திலும் சில நூறு பேருக்கு மேல் போனதில்லை. 1848இல் கலிபோர்ணியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. அதைத் தேடி வந்தவர்களும், பின்னால் மாடு வளர்க்க வந்தவர்களும் அந்தப் பள்ளத்தாக்குகளைச் சூழ்ந்தார்கள். மான் குறைந்தது. பசியில் யாஹிகள் மாட்டைப் பிடித்தார்கள். மாட்டுக்குப் பதிலாக மனிதர் கொல்லப்பட்டார்கள். 1860களில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுகொலைகள் நடந்தன. குடியேறியவர்கள் கூலிக்கு ஆள் பிடித்து வேட்டைக்குப் போவதுபோல் போனார்கள். அதன் பிறகு மிஞ்சிய ஒரு கைப்பிடி மக்கள் ஒளிந்து வாழ்ந்தார்கள். புகை தெரியாமல் அடுப்பு மூட்டினார்கள். கால்தடம் தெரியாமல் கல்லுக்குக் கல் தாவி நடந்தார்கள். இப்படி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். துவக்குச் சத்தம் கேட்கும் என்பதாலும் வில்லே அவர்களுக்கு ஏற்ற ஆயுதம். வில் ஊரைக் கூட்டாது.

1908இல், அணைக்கட்டு வேலைக்காக டியர் கிறீக்கை அளக்கப் போன நிலஅளவையாளர்கள் அவர்களின் கடைசி ஒளிவிடத்தில் தற்செயலாகக் கால் வைத்தார்கள். அப்போது அங்கே நான்கு பேர்தான். ஒரு நடுவயது மனிதன், அவன் சகோதரி, ஒரு கிழவர், நடக்க முடியாத தாய். மற்றவர்கள் ஓடி மறைய, போர்வைக்குள் சுருண்டு கிடந்த தாயை மட்டும் வந்தவர்கள் கண்டார்கள். அவளை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் குடிசையிலிருந்த வில், அம்பு, கூடை, தோல் என்று கைக்கு எட்டியதையெல்லாம் நினைவுப்பொருளாக அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவர்களில் ஒருவர் திரும்பி வந்து பார்த்தபோது கிழவியும் அங்கே இல்லை. தாய் சில நாளில் இறந்தாள். சகோதரியையும் கிழவரையும் அந்த மனிதன் மறுபடி காணவேயில்லை.

குளிர்காலம் தொடங்கும் வேளையில் ஒரு வீட்டின் வில்லையும் அம்பையும் எடுத்துப்போவது என்றால் என்ன? எடுத்தவர்களுக்கு அவை சுவரில் மாட்டும் பொருள். பறிகொடுத்தவர்களுக்கு அடுத்த வேளைச் சாப்பாடு. வீட்டில் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று கணக்குப் பார்த்த அனுபவம் உள்ள எம்மைப் போன்றவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1911 ஓகஸ்ட் 29ஆம் திகதி, ஒறோவில் என்ற ஊரின் புறத்தே ஓர் இறைச்சித் தொழுவத்தில் அந்த மனிதன் பிடிபட்டான். எலும்பும் தோலுமாக இருந்தான். துக்கம் காப்பவர்கள் செய்வதுபோல் தலைமயிரைக் கருக்கிக் கட்டையாக்கியிருந்தான். வேறு இடம் தெரியாமல் அவனைச் சிறையில் வைத்தார்கள். யாருக்கும் அவன் மொழி விளங்கவில்லை. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வோட்டர்மன் என்ற மானிடவியலாளர் யானாச் சொற்பட்டியலோடு வந்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஒன்றும் பலிக்கவில்லை. பட்டியல் முடியும் நேரத்தில், 'சிவினி' என்று சொல்லி, தான் இருந்த கட்டிலின் பைன் பலகையைத் தட்டிக் காட்டினார். அந்த மரத்தின் பெயர் அது. அவன் முகம் மலர்ந்ததாம். தன் மொழியில் ஒரு சொல்லைக் கேட்க அந்த மனிதன் மூன்று வருடம் காத்திருந்தான். கேட்ட சொல் ஒரு மரத்தின் பெயராக இருந்தது.

பல்கலைக்கழகத்தின் நூதனசாலை அப்போது சான்பிரான்சிஸ்கோவில் இருந்தது. அதன் பொறுப்பாளர் அல்பிரட் குறோபர் அவரை அங்கே கொண்டுபோய் வைத்தார். 'இஷி' என்று பெயர் கொடுத்தார். யானா மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். இஷி அங்கே சிறு சம்பளத்திற்குத் துப்புரவு உதவியாளராக வேலை செய்தார். பார்க்க வந்தவர்களுக்குத் தீக்கடைந்தும் அம்புமுனை செதுக்கியும் காட்டினார்.

நூதனசாலைக்குப் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே படிப்பித்த சக்ஸ்ரன் போப் 1912இல் இஷியின் வைத்தியரானார். பிறகு மாணவரானார். வைத்தியருக்கு வயது முப்பத்தேழு. வில்வித்தையில் அனுபவமில்லாதவர். இஷிக்கு ஐம்பதை அண்டிய வயது. ஆளுக்கு ஆள் மற்றவரின் மொழியைக் கொஞ்சம் கொஞ்சம் பொறுக்கிக்கொண்டார்கள். வில்லுக்கு 'மானி', அம்புக்கு 'சவா'. பாடம் அந்த இரண்டு சொல்லில் தொடங்கியது.

இஷி அம்பு செய்யும் விதத்தைப் போப் பக்கத்திலிருந்து பார்த்துப் படிப்படியாக எழுதிவைத்தார். முதலாவது வேலை மரம் தெரிவது. விச் ஹேசல் என்ற குறுமரத்தின் நீண்ட நேர்க்கொம்புகளை அவர் விரும்பினார். வேறு சில மரங்களும் உதவும். ஏறக்குறைய 32 அங்குலத்தில் வெட்டிப் பட்டையைச் சுரண்டி, கட்டாகக் கட்டி, நிழலில் கிடத்தி உலரவிடுவார். உலர்ந்த பின் அந்தக் கட்டிலிருந்து நல்லதைப் பொறுக்குவார். வெட்டியதெல்லாம் அம்பாவதில்லை.

பிறகு நிமிர்த்தல். தணலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, வளைந்த இடத்தைச் சூடுகாட்டி, கால் பெருவிரலாலோ கைப்பெருவிரலின் அடியாலோ அழுத்துவார். ஒரு கண்ணை இடுக்கித் தண்டின் நெடுகப் பார்ப்பார். மறுபடி சூடுகாட்டுவார். ஒன்று நேரானதும் அதை ஒருபக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். ஐந்து சேரும்வரை இது நடக்கும். ஐந்து ஐந்தாகவோ பத்துப் பத்தாகவோதான் அவர் அம்பு செய்வார். அந்தக் கணக்கு கைவிரலின் கணக்கு. ஒரு கட்டைச் சேர்ந்த ஐந்தும் ஒரே மரம், ஒரே வர்ண வளையம். அடுத்த ஐந்துக்கு வளையம் சற்று வேறு.

இரண்டு மணற்கல்லுக்கு நடுவில் தண்டை உருட்டி ஒப்பமாக்குவார். சில அம்புகளுக்கு முன்பக்கத்தில் பாரமான வேறு மரத்துண்டு பொருத்தி, மானின் தசைநாரால் சுற்றிக் கட்டுவார். பின்பக்கத்தில் பிளந்த இறகு மூன்று. கழுகு, பருந்து, வான்கோழி எது கிடைக்குமோ அது. முனைக்கு எரிமலைக் கண்ணாடிக்கல். அது இல்லாவிட்டால் பியர்ப் போத்தலும் மருந்துப் போத்தலும் உடைந்த கண்ணாடி. எறிந்த போத்தலிலிருந்து மணி மணியாக அம்புமுனை செதுக்கிய அந்தக் கை, கிடைத்ததை வைத்துக்கொண்டு ஊர்ப் பலகாரம் செய்யும் கைகளை எமக்கு நினைவூட்டியது.

வில்லை அவர் அளந்ததும் உடம்பினால்தான். நீட்டிய கையிலிருந்து மறுபக்க இடுப்புவரை எவ்வளவோ அவ்வளவு நீளம். அவருடைய வில்லின் இழுவிசை 40 இறாத்தலை அண்டியது. உலகத்தின் பெரிய வில்லாளி அல்ல அவர். தூரத்துக் குறிப்பலகையில் அவரைவிட நன்றாக எய்யக்கூடியவர்கள் அந்த நகரத்திலேயே இருந்தார்கள். ஆனால் அவர் தூரத்தில் எய்வதில்லை. முயல் கத்துவதுபோல் கையை வாயில் வைத்துக் குரல் கொடுத்து, மிருகத்தைக் கிட்ட வரவழைத்து, குந்தியிருந்தபடி எய்வார். அந்த வில், அந்த அம்பு, அந்த உடம்பு, அந்தப் பள்ளத்தாக்கு. நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியவை.

போப்புக்கு இது விளங்கியது. அதனாலேயே அவர் இஷியின் அம்பை அப்படியே நகல் எடுக்கவில்லை. நூதனசாலையிலிருந்த பல நாட்டு வில்களை எய்து அளந்து பார்த்தார். கடைசியில் தன் உயரத்திற்கும் கைக்கும் ஆங்கிலேய நீள்வில்லையே தெரிவு செய்தார். அதற்கேற்ற அம்பைத் தானே செய்தார். கற்றுக்கொண்டது பொருளை அல்ல, பொருத்தத்தை. இன்று பழைய முறை வில் பழகுகிறவர்களுக்குச் சொல்லப்படும் புத்திமதிகள் பலவற்றை எடுத்துப் பார்த்தால், தணலோரத்தில் நடந்த அந்த வேலையோடு அவை ஒத்துப்போவதைக் காணலாம்.

நாண் இழுக்கும் நீளத்தைவிட ஓர் அங்குலமாவது நீண்ட அம்பாக இருக்க வேண்டும். கட்டையான அம்பு வில்லுக்கு உள்ளே விழுந்து கையைத் துளைக்கும். மிக இலேசான அம்பும் ஆகாது. இழுவிசையின் ஒவ்வோர் இறாத்தலுக்கும் அரைக் கிராமுக்குக் குறையாத பாரம் வேண்டும். இல்லாவிட்டால் மிஞ்சிய பலம் வில்லுக்கே திரும்பி அதை முறிக்கும். வில்தண்டை உரசிப் போகும் அம்புக்குப் பிளாஸ்ரிக் இறகு கூடாது. பறவையின் இறகு மடங்கிக் கொடுக்கும். மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகினுடையதாக இருக்க வேண்டும். மர அம்பை ஒவ்வொரு தடவையும் எய்ய முன் காதருகே வைத்து மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். வெடிப்பிருந்தால் சத்தம் சொல்லும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, அம்புகள் ஒரே மாதிரியாக இருப்பது. பாரமும் விறைப்பும் வேறு வேறான அம்புகளோடு தொடங்குகிறவர் எத்தனை வருடம் எய்தாலும் தன் பிழை எது, அம்பின் பிழை எது என்று அறிய மாட்டார். ஒத்த ஐந்து அம்பு உள்ளவருக்கு ஐந்தும் ஒரே பக்கம் போனால் காரணம் தெரியும். நான்கு சரியாகப் போய் ஒன்று விலகினால் அதன் காரணமும் தெரியும். விலை கூடிய ஓர் அம்பைவிட மலிந்த, ஒத்த ஐந்து மேல். இஷி ஐந்து ஐந்தாகச் செய்ததற்கு விரல் கணக்குத்தான் காரணமோ, அல்லது இதுவும் சேர்ந்ததோ என்று நாம் யோசிப்பதுண்டு.

1914 மே மாதத்தில் குறோபர், வோட்டர்மன், போப், போப்பின் சிறு மகன் ஆகியோர் இஷியை அவருடைய ஊருக்குக் கூட்டிப்போனார்கள். இஷி முதலில் வர மறுத்தார். அங்கே யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். போன பின்பு இளகினார். ஓடையில் நீந்தினார், இடங்களுக்குப் பெயர் சொன்னார், இன்ன இடத்தில் இன்னது நடந்தது என்று காட்டினார். அவர்கள் வரைபடம் எழுதினார்கள், படம் பிடித்தார்கள். சில வாரங்களில் திரும்பிவிட்டார்கள். திரும்புகையில் இஷி வீட்டுக்குப் போவோம் என்ற அவசரத்தில் இருந்தார் என்கிறார்கள். எந்த வீட்டுக்கு? நூதனசாலைக்கு. ஊர் போய் வந்த எம்மவர் சிலர் விமானத்தில் ஏறியதும் இதே சொல்லைச் சொல்லிவிட்டுப் பிறகு பேசாமல் இருந்ததை நாம் அறிவோம்.

1915இல் எட்வேர்ட் சபீர் என்ற பெரும் மொழியியலாளர் ஒரு கோடை முழுவதும் இஷியிடமிருந்து யாஹி மொழியை எழுதி எடுத்தார். அப்போதே இஷியின் உடம்பு தளர்ந்திருந்தது. 1916 மார்ச் 25ஆம் திகதி காசநோயினால் இறந்தார்.

குறோபர் அப்போது தூரத்தில் இருந்தார். உடலை வெட்டக் கூடாது, விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி யாரும் வந்தால் விஞ்ஞானம் பாழாய்ப் போகட்டும் என்று சொல்லுங்கள் என்ற கருத்தில் கடிதம் எழுதினார். கடிதம் பிந்திவிட்டது. பிரேத பரிசோதனை நடந்தது. அதன் முடிவுகளைப் பின்னர் தன் மருத்துவக் கட்டுரையில் அச்சேற்றியவர் போப். மூளையைத் தனியே எடுத்தார்கள். மிஞ்சிய உடலை எரித்தார்கள். எரிக்கும்போது அவருக்குப் பக்கத்தில் வைத்தவை: அவருடைய ஒரு வில், ஒரு கூடை ஓக்கொட்டை மா, சிப்பிக்காசு, புகையிலை, கொஞ்சம் எரிமலைக் கண்ணாடிச் சிதறல், ஐந்து அம்புகள்.

ஐந்து என்று சரியாக எண்ணி வைத்தார்கள். அம்பின் கணக்கை அவரிடம் கற்றுக்கொண்டதில் பிழை விடவில்லை. அதே மனிதர்கள்தாம் உடலை முழுதாக விடவுமில்லை. கடிதம் எழுதி எதிர்த்த குறோபரே பிறகு அந்த மூளையை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு அனுப்பிவைத்தார். 1917 முதல் அது அங்கே இருந்தது. நட்பும் இருந்தது, இதுவும் இருந்தது. இந்த வரலாற்றைப் படிக்கிறவர்கள் இரண்டில் ஒன்றை மட்டும் நம்ப விரும்புகிறார்கள். எமக்கு அது முடியவில்லை.

போப் 1918இல் 'யாஹி வில்வித்தை' என்ற ஆய்வை வெளியிட்டார். 1923இல் வந்த நூல் அமெரிக்காவில் வில்வேட்டையை மறுபடி உயிர்ப்பித்தது என்பார்கள். இஷியையும் அவர் கற்பித்ததையும் அந்நூல் மறைக்கவில்லை. ஆனாலும் 1961இல் அமெரிக்க வில்வேட்டைக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தபோது வைத்த பெயர் போப், அவருடைய வேட்டைத் தோழர் யங் ஆகிய இருவரின் பெயர். மாணவரின் பெயர் சங்கத்தில் நிற்கிறது.

இஷியை எல்லோரும் 'கடைசி யாஹி' என்றே எழுதினார்கள். கடைசி என்று சொல்லிவிட்டால் வாரிசு கேட்டு யாரும் வரமாட்டார்கள். ஆனால் வந்தார்கள். 1990களின் இறுதியில் கலிபோர்ணியாவின் பூர்வகுடிகள் அவருடைய உடலின் மிச்சத்தை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று முயன்றார்கள். ஓரின் ஸ்ரார்ண் என்ற ஆய்வாளர் 1999இல் மூளை இருக்குமிடத்தைக் காட்டும் கடிதங்களைக் கண்டுபிடித்தார். யானா வழிவந்தவர்கள் றெடிங் றன்செறியா, பிற் றிவர் ஆகிய சமூகங்களில் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை ஸ்மித்சோனியன் ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் அவர்கள் மூளையையும் சாம்பலையும் பெற்று, வெளியே சொல்லாத ஓரிடத்தில் சேர்த்து அடக்கம் செய்தார்கள். 2021இல் பேர்க்லியிலுள்ள கட்டடத்திலிருந்து குறோபரின் பெயரைப் பல்கலைக்கழகம் எடுத்துவிட்டது.

அம்பும் ஒரு சாட்சி சொன்னது. ஸ்ரீவன் ஷக்லி என்ற தொல்லியலாளர், நூதனசாலையில் இருக்கும் இஷி செய்த அம்புமுனைகளைப் பழைய யாஹி முனைகளோடு ஒப்பிட்டார். அவை யாஹி முனைகளைவிட, அயலிலுள்ள விந்து, நொம்லாக்கி மக்களின் முனைகளையே அதிகம் ஒத்திருந்தன. அந்த மக்களும் யாஹிகளும் முன்பு பகையாளிகள். வேட்டையாடப்பட்ட காலத்தில், மிஞ்சியவர்கள் பகை மறந்து கலந்திருக்கலாம், இஷி அந்தப் பக்கத்து உறவினரிடம் செதுக்கப் பழகியிருக்கலாம் என்பது அவருடைய 1990களின் விளக்கம். தூய கடைசி மனிதன் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணாடி முனைகள் வேறு கதை சொல்கின்றன. அழிவின் விளிம்பில் நின்றவர்கள் அயலாரோடு சேர்ந்து வாழ்ந்த கதை அது.

இந்தக் கதையை மகளுக்குச் சொன்னோம். ஒரு வெள்ளிக்கிழமை, மண்டபத்துக்கு நடந்து போகிற வழியில். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இஷி எண்டால் மனுசன் எண்டுதானே சொன்னீங்கள். அப்ப அவற்றை உண்மையான பேர் என்னப்பா?" என்றாள்.

அது ஒருவருக்கும் தெரியாது. யாஹி வழக்கில் ஒருவர் தன் பெயரைத் தானே அந்நியருக்குச் சொல்வது முறையல்ல. தன்னைச் சேர்ந்த இன்னொருவர் சொல்ல வேண்டும். அவருக்காக அதைச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் இருந்த நாலரை வருடமும் அவர் அதைச் சொல்லவில்லை.

அன்றுதான் எமக்கென்று தெரிவு செய்த அம்புகள் வந்திருந்தன. மகளுக்கு ஐந்து, எமக்கு ஐந்து. பெரியவர் ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்து, நிறுத்து, வளைத்துத் தந்தார். இறகுக்குக் கீழே ஒவ்வொருவரும் தன் அடையாளத்தை எழுத வேண்டும் என்பது அங்கே விதி. மற்றப் பிள்ளைகள் இரண்டு எழுத்தோடு முடித்துக்கொண்டார்கள். மகள் தன் முழுப் பெயரையும் தமிழில் எழுதத் தொடங்கினாள். பாடசாலையில் அவளைக் கூப்பிடுவது அதன் பாதியால்தான். விரல் பருமன்கூட இல்லாத தண்டு. பெயர் நீளமானது. எழுத்து தண்டைச் சுற்றிக்கொண்டு போனது. அம்பை ஒருமுறை முழுதாகச் சுழற்றினால்தான் அதை வாசிக்கலாம். ஐந்திலும் எழுதி முடிக்கும்வரை பெரியவர் வில்லைக் கையில் கொடுக்காமல் காத்துக்கொண்டு நின்றார்.